ஓரக்குறிப்பு

புதுக்கடையில், நீதிமன்ற மதிலுக்கு எதிரே,
போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு றப்பர் முத்திரை.
பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்.
அவசரமென்றால் எண்ணூறு.

இன்றைக்கு ஒரு சீட்டுக்காசு வழக்கு.
போனில் பதிவானதை யாரோ எழுத்தில் இறக்கியிருக்கிறார்கள்.
நான் அதை இங்கிலீஷில் ஏற்ற வேண்டும்.
மூன்றாம் பக்கம்:

*நீர் மூண்டு சீட்டும் எடுத்தனீர்.*
ஓம்.
*எடுத்துப்போட்டுக் கட்டேல்லை.*
ஓம்.
*சனம் என்னைப் பிடிச்சுக் கேக்குது.*
ஓம், ஓம்.
*அப்ப நீர்தான் கள்ளி.*
ஓம், நீங்கள் சொல்லி முடியுங்கோ அக்கா.

தவநிதி, வயது நாற்பத்தொன்று,
கொட்டாஞ்சேனையில் தையல்.
ஐந்து ஓம் சொல்லியிருக்கிறாள்.
ஐந்துக்கும் 'யெஸ்' என்று தட்டினால்
ஐந்து குற்ற ஒப்புதல்.
ஆனால் அந்த ஓம்
காது திறந்திருக்கிறது என்பதற்கான ஓம்.
போனைக் கையில் பிடித்தபடி
ஊசியில் நூல் கோர்க்கிறவளின் ஓம்.

மொழிபெயர்ப்பாளர் விளக்கம் சொல்லக் கூடாது.
சத்தியம் செய்தபோது சொன்ன முதல் விதி அது.
ஓரத்தில் ஒரு வரி எழுதலாமா?
அந்த வரிக்கு இங்கிலீஷில் 'கிளொஸ்' என்று பேர்.
அகராதியைத் திறந்தேன்,
வேலையைத் தள்ளிப்போட அதைவிட நல்ல சாட்டு இல்லை.

கிரேக்கத்தில் அது நாக்கு.
வெறும் நாக்கு; ஈரமான, வாய்க்குள் கிடக்கிற நாக்கு.
பிறகு பாஷை.
பிறகு, அந்நிய நாக்கிலிருந்து வந்து
யாருக்கும் விளங்காமல் நின்ற சொல்.
பிறகுதான் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்
பொடியெழுத்தில் குந்திய விளக்கம்.
நோயின் பேரையே மருந்துக்கும் வைத்துவிட்டார்கள்.

பழைய ஏடுகளைப் பார்த்து எழுதியவர்கள்
சில வேளை அலுப்பில்
ஓரத்தில் இருந்ததை உள்ளே சேர்த்து எழுதினார்களாம்.
விருந்துக்கு வந்தவன்
வீட்டு உறுதியில் ஏறிய மாதிரி.
ஆகவேதான் அந்த விதி. சரி. விளங்குகிறது.

பின்னேரம் ஆமர் வீதியில்
கேற்றுக்குப் பெயின்ற் வாங்கப் போனேன்.
'கிளொஸ்ஸா, மெட்டா?' என்றான் பொடியன்.
சிரித்துவிட்டேன்.
இந்தக் கிளொஸ் அந்தக் கிளொஸ் அல்ல,
இது வடக்கின் குளிரிலிருந்து வந்தது, மினுக்கம்,
நாக்குக்கும் அதற்கும் சொந்தமில்லை,
முகம் மட்டும் ஒன்று.
முகத்தை நம்பி இங்கிலீஷ்காரர்
இரண்டையும் ஒரே கட்டிலில் போட்டார்கள்:
விளக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே
துருவின்மேல் பூசிவிடுவதற்கும்
இப்போது அதுதான் சொல்.

பெயின்ற் பேணி மடியில்.
பஸ் மருதானைப் பாலத்தில் நின்றபோது உறைத்தது:
நமக்குக் கட்டில் தேவைப்படவில்லை.
அர்த்தத்தை விளக்குவதும்
அடிப்பிடித்த சட்டியை விளக்குவதும்
நமக்கு ஒரே வினை.
ஆனால் நம்முடையதில் பூச்சு இல்லை.
சாம்பல் போட்டுத் தேய்த்து
உள்ளே இருக்கிற செம்பைக் காட்டுவது.

இரவு, ஐந்து இடத்திலும்
ஓம் என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே விட்டேன்.
ஓரத்தில் ஒரு வரி:
'சம்மதம் என்றும் பொருள்; கேட்கிறேன் என்றும் பொருள்.'

காலையில் சட்டத்தரணி கசிச்செட்டி போன் எடுத்தார்.
அவர் சீட்டுப் பிடித்த அக்காவின் பக்கம்.
'மிஸ், ஓரத்தில என்னவோ எழுதியிருக்கிறீங்க.'
ஓம்.
'அதை எடுக்க வேணும்.'
ஓம்.
'சும்மா யெஸ் எண்டு போட்டா முடிஞ்சுது, என்ன?'
ஓம், ஓம்.
'சந்தோஷம். பத்து மணிக்குப் பொடியனை அனுப்புறன்.'

பத்துக்குப் பொடியன் வந்தான்.
முத்திரையை அழுத்திக் குத்தி
கடித உறையில் போட்டுக் கொடுத்தேன்.
ஓரத்து வரி
இருந்த இடத்திலேயே இருந்தது.